குவெச்: துருக்கியில் சாப்பிட்ட மண்சட்டிக் கறியை வீட்டில் செய்வது எப்படி?

துருக்கியின் கப்படோக்கியா பகுதிக்குப் போய் வந்தவர்கள் பலூனைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு நினைவில் நிற்பது அங்கே அவானோஸ் என்ற ஊரில் ஒரு மத்தியானம் சாப்பிட்ட மண்சட்டிக் கறி. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் என்ன அகலமோ அவ்வளவுதான் சட்டி. மேசைக்கு வந்த பிறகும் ஓரத்தில் கொதி அடங்கவில்லை. மேலே விளிம்பு கருகிய தக்காளி வட்டங்கள், அதன் கீழே கத்தரிக்காய், அதற்கும் அடியில் கரண்டி பட்டதும் நார்நாராகப் பிரிகிற ஆட்டுக்கறி. மசாலா என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் ரொட்டியால் சட்டியை வழித்துத் துடைத்த பிறகுதான் எழுந்தேன்.

ஊர் திரும்பிய வாரமே செய்து பார்த்தேன். முதல் தடவை சட்டி உடைந்தது. இரண்டாம் தடவை அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இது கத்தரிக்கா போட்ட நம்ம கறிக்குழம்புதானே?” என்றார். அம்மா சொன்னது சரி. கைப்பழக்கத்தில் மஞ்சள்தூள் போட்டிருந்தேன், மல்லித்தூள் போட்டிருந்தேன், போதாக்குறைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரும் ஊற்றியிருந்தேன். அதற்கப்புறம் ஏழெட்டுத் தடவை செய்தாயிற்று. இதில் என்னென்ன போடுவது என்பது சுலபம். அஞ்சறைப்பெட்டி பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

நீங்கள் சாப்பிட்டது எது?

முதலில் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். குவெச் என்பது சட்டிக்கும் பெயர், அதில் வேகும் சாப்பாட்டுக்கும் பெயர். (உதட்டை ‘கு’ சொல்வது போலக் குவித்துக்கொண்டு ‘கி’ சொல்லிப் பாருங்கள், முதல் எழுத்தின் ஒலி கிட்டத்தட்ட வந்துவிடும்.) அதனால் உணவகப் பட்டியலில் பெரும்பாலும் குவெச் என்று மட்டும் போட்டிருக்காது, முன்னால் ஒரு சொல் ஒட்டியிருக்கும். ‘எத்லி குவெச்’ என்றால் கறி போட்டது. ‘செப்ஸெலி’ என்றால் காய்கறி. ‘காரிதெஸ்’ என்றால் இறால். கடலோர ஊர்களில் சின்னச் சட்டியில், மேலே பாலாடைக்கட்டி உருகி வருவது அதுதான். ஒரு கூஜாவைக் கொண்டுவந்து உங்கள் கண் முன்னே கழுத்தைத் தட்டி உடைத்துத் தட்டில் கொட்டினார்கள் என்றால் அது ‘தெஸ்தி கெபாப்’. அதைச் செய்ய ஒவ்வொரு தடவையும் ஒரு கூஜாவைப் பலி கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பது எத்லி குவெச்சுக்கு நெருங்கிய சொந்தம் என்பதால், அந்தச் சுவை வேண்டும் என்பவர்களும் இதையே செய்யலாம்.

இங்கே நான் விவரமாகச் சொல்லப் போவது எத்லி குவெச். இறாலுக்குக் கடைசியில் ஒரு பத்தி இருக்கிறது.

சட்டி

அவானோஸ் ஊரை ஒட்டி ஓடுகிறது கிஸிலிர்மாக். பெயருக்குச் செந்நதி என்று பொருள். துருக்கிக்குள்ளேயே பிறந்து துருக்கிக்குள்ளேயே கடலில் சேரும் நதிகளில் இதுதான் மிக நீளமானது, 1,355 கிலோமீட்டர். அது கொண்டுவந்து சேர்க்கும் சிவப்புக் களிமண்ணில்தான் அந்த ஊர்க் குயவர்கள் பாண்டம் வனைகிறார்கள். அந்தப் பகுதியை மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆண்ட ஹிட்டைட்டுகள் காலத்திலிருந்தே இங்கே மண்பாண்டத் தொழில் நடந்து வருகிறது என்பார்கள். அங்கிருந்து சட்டி வாங்கி வந்திருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பூவேலைப்பாடும் பளபளப்பும் கொண்டவை பெரும்பாலும் அலங்காரத்துக்கு. பூச்சில் ஈயம் இருக்கலாம். சமைக்கிற சட்டி பார்க்க எளிமையாக இருக்கும்.

வாங்கி வராதவர்கள் வருத்தப்பட வேண்டாம். நம் குயவர் செய்யும் மண்சட்டி இதற்குப் போதும். மீன்குழம்பு வைக்கிற அகலமான சட்டி, 20 முதல் 22 சென்டிமீட்டர் விட்டம், கனமான அடி, மண்மூடி. மீன்குழம்பு வைத்த சட்டியையே எடுத்துவிடாதீர்கள், மண் எதையும் மறக்காது. வாங்கும் முன் உங்கள் ஓவனின் உள்ளளவை மூடியோடு சேர்த்து அளந்துகொண்டு போங்கள். நான் அளக்காமல் வாங்கிய ஒரு சட்டியில் இப்போது கற்றாழை வளர்கிறது.

புதுச்சட்டியைப் பழக்குவது உங்களுக்குத் தெரிந்த கதைதான்: ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் கழுவி, எண்ணெய் தடவிக் காயவிடுவது. நான் சட்டியை உடைத்தது வேறு இடத்தில். ஓவனிலிருந்து எடுத்த கையோடு ஈரமான கிரானைட் மேடையில் வைத்தேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். அடியில் ஒரு கோடு ஓடியது. மூன்று மணி நேர உழைப்பு மேடையில் பரவி, சிங்க்கைப் பார்த்து நகர ஆரம்பித்தது. மண்சட்டி சூட்டுக்கு உடைவதில்லை, சட்டென்று மாறும் சூட்டுக்குத்தான் உடையும். அதனால் சட்டியை வைத்த பிறகே ஓவனைப் போடுங்கள். ஏற்கெனவே சூடான ஓவனில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் மரப்பலகையிலோ மடித்த துணியிலோ வையுங்கள். நடுவில் தண்ணீர் சேர்க்க நேர்ந்தால் வெந்நீர் மட்டும்.

கடைக்குப் போகும்போது

நான்கு பேருக்கு இந்த அளவு. ஆட்டுக்கறி 750 கிராம். சின்ன வெங்காயம் 20. பூண்டு 8 பல். கத்தரிக்காய் 300 கிராம், உருளைக்கிழங்கு 2, பஜ்ஜி மிளகாய் 4, நன்கு பழுத்த தக்காளி 5. வெண்ணெய் 30 கிராம், ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி. தக்காளி சல்ச்சா ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகாய் சல்ச்சா 1 மேசைக்கரண்டி (சல்ச்சா என்பது கெட்டி விழுது, விவரம் கீழே). மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, காய்ந்த ஆரிகானோ 1 தேக்கரண்டி, மிளகாய்ச் செதில் 1 தேக்கரண்டி, உப்பு.

கறியில் கஞ்சத்தனம் வேண்டாம். அங்கே குவெச்சுக்குப் போவது செம்மறி ஆட்டின் தோள்பகுதி. நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளாடு. கொழுப்பு குறைவு, நார் அதிகம். கறிக்கடை அண்ணனிடம் ‘முன்னங்கால் பக்கம், பெரிய துண்டாக’ என்று கேளுங்கள். பிரியாணித் துண்டைவிடப் பெரிதாக, ஒரு எலுமிச்சம்பழ அளவு. கொஞ்சம் கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், 50 கிராம் போதும். துருக்கியில் கொழுத்த வால் உள்ள செம்மறியின் வால்கொழுப்பைச் சேர்ப்பவர்கள் உண்டு. அந்த மணத்துக்கு நமக்குக் கிடைக்கும் பக்கத்து வழி இது. வெறும் தொடைக்கறி வேண்டாம், மூன்று மணி நேரம் வெந்தால் சக்கையாகிவிடும். தோளிலும் முன்னங்காலிலும் இருக்கிற ஜவ்வுதான் மெல்ல உருகிப் பசையாகி, சாற்றுக்குக் கனம் தருகிறது.

மற்றவற்றில் நமக்கு அதிர்ஷ்டம். அங்கே குவெச்சில் முழுசாகப் போடும் ‘அர்பாஜிக்’ வெங்காயத்துக்கு நம் சின்ன வெங்காயம் அப்படியே பொருந்துகிறது. ‘சிவ்ரி பிபர்’ என்ற நீளமான, காரம் குறைந்த பச்சை மிளகாய்க்குப் பஜ்ஜி மிளகாய். மிளகாய்ச் செதிலுக்கு அங்கே ‘புல் பிபர்’. எண்ணெய்ப் பசையோடு, அடர் சிவப்பாக, காரம் அடக்கமாக இருக்கும். காஷ்மீரி மிளகாயின் விதையை நீக்கி, மிக்ஸியில் கொரகொரப்பாக ஒரு சுற்று விட்டு, அரைத் தேக்கரண்டி எண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பிசிறி வைத்தால் ஏறத்தாழ அதே குணம் வந்துவிடும். ஆரிகானோவுக்காக அலைய வேண்டாம், பீட்சாவோடு வந்து குளிர்சாதனப்பெட்டிக் கதவில் குவிந்திருக்கும் பாக்கெட்டுகளுக்கு இப்போது வேலை வந்தது. அதுவும் இல்லையா, தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லியில் இரண்டு இலை பறித்துப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். ஆரிகானோவுக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் கார்வக்ரால் அதிலும் உண்டு. கூடப் போட்டால் சளி மருந்து ஞாபகம் வரும், ஜாக்கிரதை.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். துருக்கிச் செய்முறைகளில் ‘தெஃப்னே’ இலை, அதாவது ஆங்கிலத்தில் ‘பே லீஃப்’, வரும். நாமும் பிரிஞ்சி இலையைப் போட்டுவிடுவோம். இரண்டும் வேறு வேறு மரம். அங்கே பயன்படுவதில் நடுவே ஒரு நரம்பு ஓடும். நம் பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும். மணம் பட்டையின் பக்கம் போகும். அதைப் போட்டால் சட்டி திறக்கும்போது கல்யாண வீட்டுக் குஸ்கா வாசம் வந்து நிற்கும். சரியான இலை கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், குறை தெரியாது.

சல்ச்சா: உயிர் இதில்தான்

துருக்கிச் சமையலின் அடிநாதம் எது என்று கேட்டால் நான் சல்ச்சா என்பேன். தக்காளி அல்லது சிவப்பு மிளகாயை அரைத்து, உப்புப் போட்டு, வெயிலில் தட்டுத்தட்டாகப் பரப்பி, நாள்கணக்கில் கிளறி வற்றவைத்த விழுது. கோடை முடிகிற நேரத்தில் தென்கிழக்குப் பக்கத்து ஊர்களில் மொட்டைமாடிகளெல்லாம் சிவந்து கிடக்கும். வடாம் போடுகிற நம் மாடிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

தக்காளி சல்ச்சாவுக்குக் கடையில் விற்கும் டொமேட்டோ பேஸ்ட் போதும். பியூரே அல்ல, பேஸ்ட்; கரண்டியைக் கவிழ்த்தால் விழக் கூடாது. கெட்ச்அப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

மிளகாய் சல்ச்சாவைத்தான் வீட்டில் செய்ய வேண்டியிருக்கும். சிவப்புக் குடைமிளகாய் 4 எடுத்து அடுப்புத் தீயில் நேரடியாகக் காட்டி, தோல் முழுக்கக் கறுக்கும்வரை சுடுங்கள். ஒரு பாத்திரத்தில் போட்டு மூடிப் பத்து நிமிடம் விட்டால் தோல் தானாகக் கழன்று வரும். விதை நீக்கி, வெந்நீரில் ஊறிய 4 காஷ்மீரி மிளகாயோடு நைசாக அரையுங்கள். தண்ணீர் சேர்க்காதீர்கள். அடிகனமான வாணலியில் 2 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு சேர்த்துச் சிறு தீயில் கிளறுங்கள். முதலில் குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும், பிறகு அடங்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். இரண்டு பக்கமும் வந்து மூடிக்கொள்ளாமல் கோடு நின்றால் இறக்கிவிடலாம். மேலே எண்ணெய் நிற்க, குளிர்சாதனப்பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும். மே மாதமாக இருந்தால் தட்டில் பரப்பி இரண்டு நாள் வெயில் காட்டுங்கள், சுவை எங்கேயோ போய்விடும்.

இனி அடுப்புக்கு

முந்தின இரவே கறியைக் கழுவி, வடியவிட்டு, ஒரு தேக்கரண்டி உப்பும் மிளகுத்தூளும் தடவிக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்துவிடுங்கள். சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து, துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

கத்தரிக்காய்க்குத் தோல் முழுக்கச் சீவ வேண்டாம். ஒரு கீற்று சீவி, ஒரு கீற்று விட்டு, வரிக்குதிரை மாதிரி. முழுத்தோல் இருந்தால் வாயில் தட்டும். தோலே இல்லாவிட்டால் கரைந்துபோகும். பெரிய துண்டாக வெட்டி, உப்புப் பிசறி, அரை மணி நேரம் வடிதட்டில் வைத்துப் பிழிந்து, எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்துத் தனியே வையுங்கள். பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டுச் சாற்றை நீர்த்துப்போகச் செய்துவிடும்.

இப்போது வாணலி. ஆட்டுக்கொழுப்பைப் பொடியாக நறுக்கிப் போட்டு உருகவிடுங்கள். கறித்துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, கிளறாமல், ஒவ்வொரு பக்கமும் நன்றாகச் சிவக்கவிடுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் கறி சிவக்காது, தன் தண்ணீரில் தானே வேகும். இரண்டு தடவையாகச் செய்யுங்கள். துருக்கியில் பச்சைக்கறியை அப்படியே சட்டியில் அடுக்குபவர்களும் உண்டு. இளஞ்செம்மறிக்கு அது சரி. நம் வெள்ளாட்டுக்கு வதக்குவதுதான் நல்லது.

கறியை எடுத்துவிட்டு அதே வாணலியில் வெண்ணெய், முழுச் சின்ன வெங்காயம், முழுப்பூண்டு. லேசாகப் பொன்னிறமானதும் இரண்டு சல்ச்சாவையும் போட்டு இரண்டு நிமிடம் வதக்குங்கள். இந்த இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகர வேண்டாம். பளிச்சென்ற சிவப்பு மெல்ல மங்கிச் செங்கல் நிறத்துக்கு வரும், ஓரத்தில் ஆரஞ்சு நிற நெய் பிரியும், பச்சை வாசனை போய் இனிப்பாக ஒரு மணம் எழும். அப்போது நிறுத்துங்கள். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் கசந்துவிடும்.

மூன்று தக்காளியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியில் தேயுங்கள். சதை முழுக்கக் கீழே விழுந்து, தோல் மட்டும் உள்ளங்கையில் தங்கும். துருக்கி வீடுகளில் தக்காளியை இப்படித்தான் துருவுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை. இப்போது ரசத்துக்கும் இதையே செய்கிறேன். அந்தத் தக்காளிச் சாறு, ஆரிகானோ, மிளகாய்ச் செதில் எல்லாம் வாணலியில் சேரட்டும். ஒரு கொதி வந்ததும் அணைத்து, கறியோடு சேர்த்துச் சற்று ஆறவிட்டு மண்சட்டிக்கு மாற்றுங்கள்.

தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். சட்டியைப் பார்த்தால் வறண்டிருப்பதாகத்தான் படும். மூடிய சட்டிக்குள் கறியும் வெங்காயமும் விடுகிற நீரே போதும். ஊற்றுகிற ஒவ்வொரு டம்ளரும் உங்களை அம்மா சொன்ன கறிக்குழம்புக்குத்தான் கூட்டிப்போகும்.

மூடி போட்டு, இடைவெளி இருந்தால் மைதா மாவைக் கயிறாகத் திரித்து ஒட்டி, குளிர்ந்த ஓவனில் வைத்து 160 டிகிரிக்குப் போடுங்கள். ஒன்றரை மணி நேரம். பிறகு திறந்து பாருங்கள். அடி பிடிக்கிற மாதிரி இருந்தால் மட்டும் கால் டம்ளர் வெந்நீர். இப்போது காய்கறி: முதலில் உருளைக்கிழங்கு, அதன்மேல் பொரித்த கத்தரிக்காய், பிறகு இரண்டாகக் கீறிய பஜ்ஜி மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலே மீதி இரண்டு தக்காளியை வட்டமாக வெட்டி அடுக்கி, ஒரு சிட்டிகை உப்பு. உருளையைச் சின்னதாகவே வெட்டுங்கள், தக்காளிப் புளிப்பில் அது வேகத் தாமதமாகும். கிளறக் கூடாது. அடுக்கு அடுக்காகவே இருக்கட்டும். மறுபடி மூடி ஒரு மணி நேரம்.

கடைசியாக மூடியை எடுத்துவிட்டு, சூட்டை 200 டிகிரிக்கு ஏற்றி இருபது நிமிடம். தக்காளி சுருங்கி விளிம்பு கறுக்கும், சாறு சட்டியின் ஓரத்தில் ஒரு கறுப்பு வளையம் கட்டும். அந்த வளையத்தைச் சுரண்டிச் சாப்பிட எங்கள் வீட்டில் போட்டி உண்டு. வெளியே எடுத்து, மரப்பலகையில் வைத்து, பதினைந்து நிமிடம் பொறுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டில்

துருக்கியிலேயே எல்லார் வீட்டிலும் இதை வீட்டு ஓவனில் செய்வதில்லை. சட்டியையோ தட்டையோ தயார் செய்து, தெருமுனை ரொட்டிக்கடையின் கல் அடுப்புக்கு அனுப்பிவிடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தெற்கே அன்டாக்யா என்ற ஊரில் கறிக்கடைக்காரரே கறியைத் தட்டில் பரப்பிக் கொடுக்க, பக்கத்து ரொட்டிக்கடையில் சுட்டு வாங்கிக்கொள்வார்கள். நம் பேக்கரிக்காரர் சம்மதிப்பாரா தெரியாது, கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

அடுப்பில் செய்வதானால் பழைய தோசைக்கல்லை அடியில் வைத்து, அதன்மேல் சட்டி, மிகச் சிறு தீ. நேரம் அதேதான். மேல்சூட்டுக்குக் கடைசி இருபது நிமிடம், மண்மூடியின்மேல் தேங்காய் ஓட்டுத் தணலைப் போடுங்கள். தம் பிரியாணி செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குக்கரில் கறியை மட்டும் அரை டம்ளர் தண்ணீரோடு மூன்று விசில் விட்டு, சாற்றைச் சுண்டவைத்து, பிறகு சட்டிக்கு மாற்றினால் ஒரு மணி நேரம் மிச்சம். நானும் அவசரத்துக்குச் செய்திருக்கிறேன். கறி மெத்தென்று வெந்துவிடும், ஆனால் அந்த ஓரத்து வளையம் வராது.

இறால் குவெச்

இதற்கு நேரெதிர்க் கணக்கு. எல்லாம் அரை மணிக்குள் முடிய வேண்டும். 300 கிராம் இறாலைச் சுத்தம் செய்து துடைத்து வையுங்கள். வெண்ணெயில் பூண்டு, காளான், பஜ்ஜி மிளகாய் வதக்கி, துருவிய தக்காளி இரண்டு சேர்த்துக் கெட்டியாகும்வரை சுண்டவையுங்கள். அணைத்த பிறகே இறாலைப் போட்டுப் புரட்டி, சின்னச் சட்டிகளில் பிரித்து, மேலே பாலாடைக்கட்டி தூவுங்கள். அங்கே போடுவது ‘காஷார்’. மொஸரெல்லாவில் கொஞ்சம் செடார் கலந்தால் நெருங்கி வரும். 220 டிகிரி, கட்டி உருகிப் பொட்டுப்பொட்டாகச் சிவக்கும்வரை மட்டும். இங்கே மண்சட்டி சூடேறவே நேரம் பிடிக்கும் என்பதால் பீங்கான் கிண்ணமே நல்லது.

கூட என்ன?

ரொட்டி வேண்டும், சாற்றைத் தொட்டுத் துடைக்க. பக்கத்தில் பிலாவ்: வெண்ணெயில் ஒரு கைப்பிடி சேமியாவைப் பழுப்பாக வறுத்து, கழுவிய அரிசியைப் போட்டுப் புரட்டி, உப்பும் தண்ணீரும் விட்டு வேகவைத்தால் முடிந்தது. பாஸ்மதி வேண்டாம், கொஞ்சம் குண்டான பச்சரிசி எடுங்கள். தயிரில் வெள்ளரி, பூண்டு, காய்ந்த புதினா கலந்தால் ‘ஜாஜிக்’. ‘அய்ரான்’ என்பது உப்புப் போட்ட மோர். அம்மா அதில் பெருங்காயம் சேர்த்துவிட்டார், நான் தடுக்கவில்லை.

மிச்சத்தை மண்சட்டியிலேயே விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஆறியதும் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். மறுநாள் சாறு கூழாக உறைந்திருக்கும். சிறு தீயில் சூடுபண்ணினால் இளகிவிடும். எங்கள் வீட்டில் அது மறுநாள் காலை தோசைக்குப் போகிறது. போன தடவை அம்மா இரண்டாவது தோசைக்கும் அதையே கேட்டு வாங்கிக்கொண்டார். கூடவே, “அடுத்த வாட்டி ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போடேன்” என்றார்.